பாட்டுக்கு நடுவே பேசியவரின் மகள்

வெர்னா ஸ்டோல்ட்ஸ் எங்கள் கூட்டத்துக்கு முதன்முதலில் வந்தது 1979 ஏப்ரலில். மாதத்தின் முதல் ஞாயிறு காலை, ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களின் கூடத்தில் நீள மேஜைகளைப் போட்டுப் பழைய ஜாஸ் இசைத்தட்டுகளை விற்பதும் வாங்குவதும் எங்கள் வழக்கம். எல்லாரும் ஆண்கள், எல்லாருக்கும் தொப்பை. பாதிப் பேருக்கு வீட்டில் பெண்டாட்டி கூப்பிடுவது காதில் விழாது. ஆனால் 1938-ல் ஏதோ ஒரு நடன மண்டபத்திலிருந்து வானொலியில் போன பாட்டில் இரண்டாவது டிரம்பெட் யார் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம். அப்படிப்பட்ட கூட்டத்துக்குள் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுநரின் நீலச் சட்டையோடு ஒரு பெண் நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது.

அவள் நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"இதுல பாட்டுக்கு நடுவுல பேசற ஆளோட குரல் இருக்கா, இல்ல வெட்டிட்டாங்களா?"

"எதுல?"

"எதுலயா இருந்தாலும் சரி. அறிவிப்பாளர் பேசறது இருக்கற தட்டு எது, இல்லாதது எது? பிரிச்சுக் காட்டுங்க."

பக்கத்து மேஜையில் இருந்த மெர்வின் சிரித்தான். என் பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதன், வாய் சும்மா இருக்காது. "ஏம்மா, விருந்துக்கு வந்துட்டு, தட்டு கழுவற ஆள் யாருன்னா விசாரிப்பாங்க?"

"தட்டு கழுவினது எங்கப்பாவா இருந்தா விசாரிக்க மாட்டேனா?" என்றாள் வெர்னா.

மெர்வின் வாயை மூடிக்கொண்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அவள் அப்பா லெஸ்டர் ஸ்டோல்ட்ஸ், பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் ஒரு சின்ன வானொலி நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். சஸ்குவஹானா ஆற்றங்கரையில் வில்லோ பாயிண்ட் என்று ஒரு நடன மண்டபம் இருந்தது. 1942 கோடை முழுவதும் சனிக்கிழமைகளில் ஹப் டெல்லிஞ்சரின் ஸ்விங் இசைக்குழு அங்கே வாசித்தது. வானொலி அதை நேரடியாக ஒலிபரப்பும். மேடையோரத்தில் நின்று அடுத்த பாட்டின் பெயரைச் சொல்வது, ஆடுகிறவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவது, வீட்டில் கேட்பவர்களை நலம் விசாரிப்பது, இதுதான் லெஸ்டரின் வேலை. 1943 ஜனவரியில் ராணுவத்துக்குப் போனார். அடுத்த வருடம் பிப்ரவரியில் இத்தாலியில் செத்துப்போனார். மகளுக்கு அப்போது இரண்டரை வயது.

அப்பாவின் முகம் வெர்னாவுக்குப் புகைப்படங்களில் கிடைத்தது. கையெழுத்து கடிதங்களில் கிடைத்தது. குரல் மட்டும் எங்கேயும் இல்லை. ஊரெல்லாம் கேட்ட குரல், மகளுக்கு இல்லை. அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அம்மா அதற்குள் தீவனக்கடைக்காரர் ஒருவரை மறுமணம் செய்துகொண்டு, பழையதைப் பேசுவதை விட்டிருந்தாள். ஒரே ஒரு முறை பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாளாம்: "ரேடியோவுல பேசற குரல் வேற, வீட்ல பேசற குரல் வேற. எனக்கு ரெண்டுமே பிடிச்சிருந்துது." அம்மா சாகும்வரை அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

அந்தக் காலத்தில் வசதியுள்ள சிலர் வீட்டிலேயே தட்டு வெட்டும் இயந்திரம் வைத்திருந்தார்கள். பிடித்த குழு வானொலியில் வந்தால் அப்படியே தட்டில் பதித்துக்கொள்வார்கள். முப்பது வருடம் கழித்து அவை எங்களைப் போன்ற பைத்தியங்கள் கையில் சிக்கின. அதிலிருந்து நாடாவில் ஏற்றி, இருநூறு முந்நூறு எல்.பி. தட்டுகள் அடித்து, எங்களுக்குள் விற்றுக்கொண்டோம். யாரிடமும் உரிமை வாங்குவது கிடையாது. அதனால் பதிவுத் தேதியும் ஓரிரு வரியும் தவிர உறை வெள்ளையாக இருக்கும், போட்டவன் பெயர் இருக்காது. இன்னொரு வழக்கமும் உண்டு: அறிவிப்பாளரின் பேச்சை வெட்டி எறிந்துவிடுவோம். எவன் காசு கொடுத்து எவனோ பேசுவதைக் கேட்பான்? பேச்சை எடுத்தால் பக்கத்துக்கு ஒரு பாட்டு கூடுதலாகச் சேர்க்கலாம்.

வெர்னா தேடியது நாங்கள் எறிந்ததை.

கூடத்தில் அவளைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. "வெர்னா, பாட்டு ஆரம்பிக்குது, காதப் பொத்திக்கோ!" என்பார்கள். "முடிஞ்சதும் சொல்லுங்கப்பா, எடுத்துடறேன்" என்பாள் அவள். தொப்பைகளுக்கு நடுவே அவள் கூசி நின்று நான் பார்த்ததில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பனியில் மலைப்பாதையில் பேருந்து ஓட்டுகிறவளை நாங்கள் என்ன செய்துவிட முடியும்? ஆனாலும் நாங்கள் எல்லாரும் ஒன்றை நிச்சயமாக நம்பினோம்: இந்தப் பொம்பளைக்கு இசை தெரியாது, பேச்சை மட்டும்தான் கேட்கிறாள். நானும்தான் நம்பினேன். மற்றவர்களைவிட அதிகமாகவே நம்பினேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் ஆர்லன் கீஃபர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன், முன்கோபி. டெல்லிஞ்சர் குழுவைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவன் இந்த மாநிலத்தில் கிடையாது என்று அன்று மார் தட்டிக்கொண்டிருந்தேன். யார் எந்த மாதம் சேர்ந்தார்கள், யார் எப்போது விலகினார்கள் என்று நான் தயாரித்த பட்டியல் எங்கள் சங்கத்தின் செய்திமடலில் மூன்று இதழ்களாக வந்தது.

அந்தக் கோடையில் ஒரு ஞாயிறு, கூட்டம் முடிந்ததும் வெர்னா என்னையும் மெர்வினையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். கோழியும் பட்டை பட்டையாக மாவுத் துண்டுகளும் போட்ட குழம்பு வைத்திருந்தாள். முன்னறைச் சுவர் முழுக்க இசைத்தட்டுகள். நான் டெல்லிஞ்சர் பெயரைத் தேடினேன், கிடைக்கவில்லை. அப்புறம்தான் புரிந்தது, அவள் குழுவின் பெயரால் அடுக்கவில்லை, அறிவிப்பாளர்களின் பெயரால் அடுக்கியிருந்தாள். அந்த ஆட்களுக்குப் பெயர் இருந்தது என்பதே எனக்கு அன்றுதான் உறைத்தது.

"இத மட்டும் கேளுங்க" என்று ஒரு தட்டை எடுத்துப் போட்டாள். இரண்டாவது பக்கம், மூன்றாவது பாட்டு. ஊசியை அந்தப் பாட்டின் தொடக்கத்தில் சரியாக வைத்தாள், கை பழகியிருந்தது. டிரம்பெட் எழும்பும் அதே கணத்தில் அதன் அடியில் ஒரு ஆணின் குரல், ஏதோ ஒரு சொல்லின் வால். அரை விநாடிகூட இருக்காது.

"அதுதான் எங்கப்பா" என்றாள். "தேதி உறையில இருக்கு, ஜூலை பதினெட்டு. அன்னிக்கு வில்லோ பாயிண்ட்ல அவர்தான் பேசினார்னு பேப்பர்லயும் போட்டிருக்கான். டிரம்பெட்டோட ஒட்டிக்கிட்டதால வெட்ட முடியாம விட்டிருக்காங்க."

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. மெர்வின் குழம்புக் கிண்ணத்துக்குள் குனிந்துகொண்டான்.

அந்தத் தட்டு நானும் மெர்வினும் 1971-ல் போட்டது. மூல நாடாவைச் சவர பிளேடால் வெட்டியது என் கை. பத்துத் துண்டாவது இருக்கும். வெட்டிய துண்டுகள் தரையில் சுருண்டு கிடந்தன. மறுநாள் காலை கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டேன். உறையின் பின்பக்கத்து வரியும் நான் எழுதியதுதான்: "அறிவிப்புகள் நீக்கப்பட்டுள்ளன. தடையில்லாமல் கேட்டு மகிழுங்கள்."

"இத யார் போட்டதுன்னு உங்களுக்குத் தெரியுமா ஆர்லன்? அவங்ககிட்ட வெட்டாத ஒரிஜினல் இருக்கும்ல?"

"தெரியாது" என்றேன்.

அசலும் இல்லை. போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காமல் கண்ணாடி மேல் அரக்கு பூசித் தட்டு செய்தார்கள். நாங்கள் நாடாவில் ஏற்றிய அந்த மாதிரி நாலு தட்டும் மெர்வின் வீட்டு நிலவறையில் இருந்தன. 1972 ஜூனில் ஆக்னஸ் புயல் வந்து ஆறு ஊருக்குள் புகுந்தபோது அந்த அறை கூரை வரைக்கும் முங்கியது. வடிந்த பிறகு பார்த்தால் பதிவு முழுக்க உரிந்து, வெறும் ஜன்னல் கண்ணாடி மாதிரி நாலு வட்டம் கிடந்தது.

திரும்பும்போது காரில் மெர்வின் சொன்னான்: "சொல்லித் தொலைக்காதடா. இருந்தா குடுக்கலாம். இல்லாதத இல்லன்னு சொல்லி அவ வயித்தெரிச்சல வாங்கிக் கட்டிக்கணுமா?"

எனக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது. கோழைக்கு எப்போதும் ஒரு நியாயம் அகப்படும்.

பதினோரு வருடம் தேடினாள். ஓஹாயோ, நியூ ஜெர்சி, எங்கெங்கோ இருக்கிற சேகரிப்பாளர்களுக்கெல்லாம் எழுதினாள். பள்ளி விடுமுறையில் காரை எடுத்துக்கொண்டு போய், செத்தவர்கள் வீட்டு நிலவறைகளில் மண்டியிட்டு, பூஞ்சை பிடித்த பெட்டிகளைக் கிளறினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருவர் கேட்டாராம், நல்ல மனிதர், தபால்காரர். "வர்ற சனிக்கிழமையெல்லாம் நான் பென்சில்வேனியால இருக்க மாட்டேனே" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கேட்ட எனக்குச் சிரிக்க வரவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் என் மேஜைக்கு வந்து, "எதுவும் வந்துச்சா?" என்பாள். ஒவ்வொரு தடவையும் உதட்டைப் பிதுக்குவேன்.

1990 செப்டம்பரில் ஹாரிஸ்பர்க்கில் ஒரு ஏலத்தில் வாங்கிய பெட்டிக்குள் வில்லோ பாயிண்ட் தட்டு ஒன்று இருந்தது. டெல்லிஞ்சர் குழுவேதான். தொடக்க இசை மெதுவாகப் போக, அதன் மேல் ஒரு அறிவிப்பாளர் நாற்பது விநாடி பேசுகிறார். ஆற்றின் மேல் நிலா, கூட்டம் நெரிகிறது, உங்கள் வீட்டுக் கம்பளத்தைச் சுருட்டிவிட்டு நீங்களும் ஆடுங்கள் என்கிற மாதிரிப் பேச்சு. இனிமையான குரல். கடைசியில் தன் பெயரைச் சொல்கிறார். லெஸ்டர் இல்லை, வேறு ஒருவர். தட்டு 1944-ஐச் சேர்ந்தது என்பது கேட்ட மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"அதயே குடுத்துடு" என்றான் மெர்வின். "பேர வெட்டிடு. அவ அப்பன் குரல் அவளுக்குத் தெரியாது, வேற எவனுக்கும் தெரியாது. சாகறதுக்குள்ள ஒரு தடவை சந்தோஷமா இருக்கட்டும்டா."

நாடாவில் ஏற்றினேன். அந்தப் பெயரைச் சவர பிளேடால் வெட்டினேன். இரக்கப்பட்டுச் செய்வதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், "எதுவும் வந்துச்சா?" என்ற கேள்வியை இனி ஒரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை.

அக்டோபர் கூட்டத்தில் கேசட்டை அவள் கையில் கொடுத்தேன். கூடத்து இரைச்சலில், மெர்வினின் ஓட்டை டேப்ரிக்கார்டரில் அங்கேயே போட்டுக் கேட்டாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஆர்லன், ஆர்லன்" என்று மட்டும் சொன்னாள். தொப்பைகள் எல்லாம் எழுந்து கைதட்டின. பதினோரு வருடம் கிண்டல் செய்த பயல்களில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். நான் கக்கூஸுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

திங்கட்கிழமை பேருந்தில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினாளாம். "எங்கப்பா பேசறார், கொஞ்சம் சத்தம் போடாம இருங்கடா" என்றாளாம். நாற்பது பிள்ளைகளும் வாயே திறக்கவில்லையாம்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் தொலைபேசியில் கூப்பிட்டாள். "கொஞ்சம் வீட்டுக்கு வாங்க. தனியா வாங்க."

போனேன். சமையலறை மேஜை மேல் கேசட் கருவி, பெரிய ஹெட்ஃபோன், பக்கத்தில் சங்கத்தின் பழைய செய்திமடல். காபி ஊற்றி வைத்தாள். அழுத முகமாக இல்லை. பேருந்தில் ஏறும் பிள்ளையைச் சோதிக்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"பின்னாடி டிராம்போன் வாசிக்கறது யாரு ஆர்லன்?"

"பேச்சக் கேளேன் வெர்னா. டிராம்போன் எதுக்கு உனக்கு?"

"யாருன்னு சொல்லுங்க."

நான் காபியை எடுத்துக் குடித்தேன்.

"நெட் ப்ரூபேக்கர்" என்றாள். "ஒவ்வொரு வரி முடியறப்பவும் சுதிய லேசா கீழ இழுத்து விடுவான். அந்தக் குழுவுல வேற யாருக்கும் அது வராது. அவன் 1943 நவம்பர்ல சேர்ந்தான். நீங்க எழுதினதுதான், இதோ இருக்கு. எங்கப்பா ஜனவரிலயே போயிட்டார்."

"உனக்கு எப்படி..."

"தேதி போடாத தட்டு ஆயிரம் கேட்டிருக்கேன். எந்த வருஷம்னு பாட்ட வெச்சுத்தானே கண்டுபிடிக்கணும்? பேசறவன் வருஷமா சொல்லுவான்? நான் பாட்டு கேக்க மாட்டேன்னு நீங்கல்லாம் எதை வெச்சு முடிவு பண்ணினீங்க?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பெயரை வெட்டியது, வெள்ளை உறைத் தட்டு என்னுடையது, பிளேடு, குப்பை, வெள்ளம். கத்துவாள், காபியை மூஞ்சியில் வீசுவாள் என்று எதிர்பார்த்தேன். வீசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்படின்னா நீங்க கேட்டிருக்கீங்க" என்றாள்.

"என்ன?"

"எங்கப்பா பேசினத. வெட்டணும்னா முன்னாடியும் பின்னாடியும் ஓட்டி ஓட்டிக் கேக்கணும்ல? திரும்பத் திரும்பக் கேட்டிருப்பீங்க." நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள். கோபம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. கண்ணில் ஒரு பசி மட்டும் இருந்தது. "எப்படி இருந்துது? கனமான குரலா? சிரிச்சுக்கிட்டே பேசுவாரா? என்ன சொன்னாரு? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க ஆர்லன். நான் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

யோசித்தேன். என் உயிரைக் கொடுத்து யோசித்தேன். அந்தத் தட்டின் எட்டுப் பாட்டும் முழுசாக வந்தன. கிளாரினெட் எந்த இடத்தில் தடுமாறியது, டிரம்ஸ்காரன் எங்கே ஒரு அடி முந்தினான், எல்லாம் வந்தது. அந்த மனிதர் வாயைத் திறக்கும் இடம் வந்ததும் ஒன்றுமில்லை. அந்தப் பேச்சு முடியும் இடத்தை மட்டும்தான் நான் காது கொடுத்துக் கேட்டிருந்தேன், அங்கேதான் பிளேடை வைக்க வேண்டும் என்பதற்காக.

"ஞாபகம் இல்ல வெர்னா."

"ஒரு வார்த்தைகூடவா?"

"ஒரு வார்த்தைகூட."

அவள் எழுந்து என் காபிக் கோப்பையை எடுத்துப் போய்க் கழுவினாள். தண்ணீரை நிறுத்தாமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. போய்த் தொடலாமா என்று நினைத்தேன், தொடுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை? தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் வரவில்லை. மூன்றாவது மாதம் வந்தாள். கூடத்தில் யாரிடமும் எதையும் சொல்லியிருக்கவில்லை. மெர்வினுக்கு வழக்கம்போல் பதிலுக்குப் பதில் கொடுத்தாள். அப்புறம் என் மேஜைக்கு வந்து, தட்டுகளைப் புரட்டுகிற மாதிரி குனிந்து, "எதுவும் ஞாபகம் வந்துச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல வெர்னா."

"சரி."

ஏழு வருடம் இப்படி. ஒரு மாதம்கூட அவள் கேட்கத் தவறவில்லை. கேட்கும்போது குத்தலே இருக்காது, அதுதான் என்னைக் கொன்றது. மருந்துக் கடையில் சீட்டை நீட்டி, வந்துவிட்டதா என்று கேட்பது போலத்தான் கேட்பாள். வீட்டில் அந்தத் தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அந்த அரை விநாடி வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக முயன்றேன். பாட்டுகள் எனக்கு வெறுத்துப்போயின. மீதியிருந்த பிரதிகளை எல்லாம் எரித்தேன். எதுவும் வரவில்லை.

1998 பிப்ரவரியில் வெர்னாவுக்கு நுரையீரல் நோய் முற்றிவிட்டது. ஐம்பத்தாறு வயதுதான். மருத்துவமனைக்குப் போனேன். பேச மூச்சு போதவில்லை, மூக்கில் குழாய். என்னைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினாள்.

"எதுவும்...?"

அப்போது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கனமான குரல், சிரிப்பு கலந்த குரல், அப்படியே உன் குரல்தான் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சோதிக்க அவளிடம் டிராம்போன் இல்லை. வாய் வரைக்கும் வந்தது. அவள் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இல்ல வெர்னா" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுந்தேன். கை என் சட்டையைப் பிடித்தது.

"யோசிங்க" என்றாள். "நான் இங்கதான் இருக்கேன். யோசிங்க."

திரும்ப உட்கார்ந்தேன். செவிலி வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை, அவள் கை என் சட்டையை விடவில்லை. நானும் யோசித்துக்கொண்டே இருந்தேன்.